வேறு இலை இல்லை

எங்கள் துறையில் இதற்குத்
தெரிவற்ற சோதனை என்று பெயர்.
ஒரு செடி, ஒரு வலைக்கூடு, ஐந்து வண்டுகள்.
தின்னலாம், இல்லை சாகலாம்.
செத்தால் நல்ல பூச்சி,
நாட்டுக்குள் விட லாயக்கு என்று
அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வேன்.

மொன்டானாவில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
உள்ளே இரட்டைக் கதவுக்குப் பின்னால்
குழல்விளக்குகள் ஜூன் மாதத்தை நடித்துக்கொண்டிருக்கின்றன.
கிளம்பும்போது அங்கியை மூன்று முறை உதற வேண்டும்.
மடிப்பில் ஒன்று ஒட்டியிருந்தால்
கடவுச்சீட்டு இல்லாமல் ஒரு உயிர்
அமெரிக்காவுக்குள் நுழைந்துவிடும்.

களையின் பெயர் நாய்நாக்கு.
இலை அப்படித்தான் தொங்கும்,
கசக்கினால் எலி வாடை.
எவர் தானிய மூட்டையிலோ கடல் தாண்டி வந்தது.
தின்ற குதிரைக்கு ஈரல் போகும்.
விதையோ எதையும் விடாது:
மாட்டின் இமை, நாயின் காது, என் காலுறை,
விவாகரத்து வழக்குக்கு அம்மா போட்டுப்போன
ஒரே நல்ல கோட்டு.

வடக்கே, கனடாவில்,
இந்த வண்டை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள்.
வேரைக் குடைகிறது, களை சாய்கிறது.
தெற்கே தடை.
நாய்நாக்குக்கு இங்கே சொந்தபந்தம் அதிகம்,
நீலப் பொடிப் பூப் பூக்கும் ஏழைச் சொந்தம்.
அதில் ஒன்று
உலகத்திலேயே ஒரே ஒரு சரிவில், நானூறு செடி.
வண்டு அதைத் தொடுமா என்பதுதான்
என் மூன்று வருடம்.

இரவில் போய்ப் பார்ப்பேன்.
இலை நெடுக நடக்கும்,
மூக்கை ஊன்றும், யோசிக்கும் (யோசிக்காது,
அப்படி எழுதக் கூடாது), திரும்பிவிடும்.
பதினோராம் நாள் மல்லாந்து கிடக்கும்
ஆறு கால்களையும் மடித்து,
வந்த பந்தியில் கை நனைக்காமல் எழுந்தவரைப் போல.
பட்டினிகளை எண்ணி எண்ணி
நான் சாப்பிட மறந்த நாட்களும் உண்டு.
அவை எந்த அட்டவணையிலும் இல்லை.

மார்ச் ஒன்பது. இருபத்துமூன்றாம் கூடு.
சரிவின் விதையிலிருந்து நானே முளைக்கவைத்த செடி.
வேரைப் பிளந்தேன்.
அரிசிக் குருணை அளவு,
வெள்ளையாய், வளைந்து, கொழுகொழுவென்று
ஒரே ஒரு புழு.

அடுத்த மேசை ஒயுன்பிலெக் எட்டிப் பார்த்தாள்.
"பசித்தால் நானும் செருப்பைத் தின்பேன்" என்றாள்.
நியாயம்தான்.
ஆனால் செருப்புக்கும் ஒரு கட்டம் உண்டு.
அதில் ஒன்று என்று எழுதினேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.
அந்த ஒன்றை வைத்துக் கோடை முழுக்க
விட வேண்டாம் என்று
நூற்று அறுபது பக்கம் எழுதினேன்.

ஆகஸ்டில் வெர்ன் ஒல்ஸாக் கூப்பிட்டார்.
எல்லையை ஒட்டிய அவர் மேய்ச்சல் நிலம்.
"உன் பூச்சி வந்துவிட்டதே!"
நாய்நாக்கு இலையெல்லாம் சல்லடை.
தண்டைத் தொட்டேன், கையோடு வந்தது.
முள்வேலிக்கு இந்தப் பக்கம்
யாரும் அனுப்பாமல், யாரையும் கேட்காமல்
முப்பது கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது.
"எவ்வளவு தர வேண்டும்?" என்றார் வெர்ன்
தொப்பியைக் கழற்றி.
அவர் கன்றுகளின் கண்கள்
இந்த வருடம் சுத்தமாக இருந்தன.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில் சொல்லாமல் சரிவில் ஏறினேன்.
பூ முடிந்து, காய் முற்றி,
நானூறும் தரையோடு தரையாய் நின்றன.
முதல் செடி, ஒன்றுமில்லை.
இரண்டாவது. மூன்றாவது.
பதினான்காவதில் இலையில் ஒரு ஓட்டை,
மிளகு அளவு.
வெட்டுக்கிளியாகவும் இருக்கலாம்.
இங்கே எல்லா இலையும் இருக்கிறது,
எதையும் தின்னலாம், எங்கும் போகலாம்.
மண்டியிட்டுக் குனிந்தபோதுதான் பார்த்தேன்,
என் காலுறையில்
கீழிருந்து நானே ஏற்றிக்கொண்டுவந்த
பதினேழு விதை.